பெரியப்பாவின் லொசாட்டனும் கனடாப் போத்தலும்

நான் படிப்பது பேராதனையில், கலைப்பீடம், சமூகவியல். ஓஎல்லில் விஞ்ஞானத்துக்கு சி எடுத்த ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது கிட்னியைப் பற்றின கட்டுரை. எங்கட குடும்பங்களில் கம்பஸ் போன பிள்ளை என்றால் எல்லாம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை. வங்கிக் கடிதம், விசாப் படிவம், மருந்துப் பெட்டி எல்லாம் எங்கட கைக்குத்தான் வந்து சேரும். என்ன பீடம், என்ன பாடம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

போன விடுமுறைக்கு வவுனியாவில் நின்றபோது பெரியம்மா ஒரு போத்தலைத் தந்தா. கனடாவில் இருக்கிற மாமா ஊருக்கு வந்த ஆரிட்டையோ குடுத்து விட்டது. முன்பக்கத்தில் பச்சை இலையும் இரண்டு கிட்னியும் படமாக இருந்தன. சிறுநீரகத்தைப் பாதுகாக்கும் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. பின்பக்கத்துப் பொடி எழுத்தில் சரக்கு விபரம்: ஒரு குளிசையில் செலனியம் 200 மைக்ரோகிராம், நாகம் 25 மில்லிகிராம், மெலற்றோனின் 3 மில்லிகிராம், மிச்சம் ஏதோ இலை, வேர்த் தூள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

பெரியப்பாவுக்கு 61 வயது. வயல்காரர். இரண்டு வருசமாகக் கிளினிக் போகிறார். கிரியேட்டினின் கூட, சிறுநீரில் புரதம் போகிறது, பிறஷரும் இருக்கு, சீனி இல்லை. பிறஷரால் கிட்னி பழுதானதா, கிட்னியால் பிறஷர் வந்ததா என்று கிளினிக்கில் உறுதியாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் லொசாட்டன் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் வேறு கதை: "உந்தக் கிளினிக் குளிசைதான் கிட்னியைக் குடிக்கிறது." அதனால் பெரியப்பாவுக்கு ஒரு யோசனை. அதை விட்டுட்டு இதைப் போட்டால் என்ன? இது இயற்கையானது, படம் வேற போட்டிருக்கு.

பெரியம்மா கேட்டது இதுதான்: "இதைப் போட்டா அதை விடலாமோ எண்டு வடிவாப் பாத்துச் சொல்லு பிள்ளை."

வங்கிக் கடிதம் வாசிப்பது போல இதை வாசித்துவிட்டுப் போக முடியவில்லை. தம்பியின் பதினோராம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகம், மருத்துவ பீடத்தில் படிக்கிற எங்கட ஊர் அண்ணா ஒருவரின் தொலைபேசி விளக்கங்கள், பிறகு நூலகமும் இணையமும். கிட்டத்தட்ட மூன்று கிழமை இதிலேயே போனது. போத்தலில் இருந்தவை முழுப் பொய் என்றால் கதை சுகமாக முடிந்திருக்கும். அவை பொய் இல்லை. செலனியத்துக்கும் நாகத்துக்கும் மெலற்றோனினுக்கும் கிட்னியோடு உண்மையான தொடர்பு இருக்கு. அதனால்தான் இந்தக் கட்டுரை இவ்வளவு நீளம்.

முதலில் கிட்னி. கழிவை வெளியேற்றும் உறுப்பு என்று படித்திருப்போம். உடல் ஓய்வில் இருக்கும்போது இதயம் தள்ளுகிற இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு சின்ன உறுப்புக்குள்ளேதான் போகிறது. ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் திரவம் வடிகட்டப்படுகிறது. அதில் ஒன்றரை லீற்றர் மாதிரித்தான் சிறுநீராக வெளியே போகும். மிச்சமெல்லாம் சிறுகுழாய்களின் கலங்களால் உறிஞ்சப்பட்டுத் திரும்ப இரத்தத்துக்கு வரவேண்டும். அது பாரமான கூலி வேலை. அதனால் அந்தக் கலங்கள் முழுக்க இழைமணிகள். சக்தி வேண்டும், ஒட்சிசன் வேண்டும்.

ஒட்சிசன் பாவிக்கிற இடத்தில் அதன் கழிவும் வரும். வெட்டின வாழைக்காய் கறுக்கிறது, மண்வெட்டி துருப்பிடிக்கிறது, இரண்டும் ஒட்சியேற்றம். உடம்புக்குள்ளும் ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற, எதைக் கண்டாலும் தாக்குகிற பொருட்கள் உருவாகிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக உடம்பு அவற்றை உடனுக்குடன் அடக்கிவிடும். அடக்குகிற வேகத்தை விட உருவாகிற வேகம் கூடினால்தான் கலங்களுக்குக் காயம்.

கிட்னிக்கு இதில் இரண்டு பலவீனம். ஒன்று, அது எதையும் செறிவாக்கும் இடம். இரத்தத்தில் கொஞ்சமாக இருக்கிற நஞ்சு சிறுகுழாய்க் கலத்துக்குள் சேர்ந்து கூடிவிடும். மற்றது, அவ்வளவு இரத்தம் வந்தாலும் அதன் உட்பகுதிக்குக் கிடைக்கிற ஒட்சிசன் குறைவு. எப்போதும் விளிம்பில்தான் வாழ்கிறது. கடும் நீரிழப்பிலோ பெரிய சத்திரசிகிச்சையிலோ இரத்தம் குறைந்தால் முதலில் துன்பப்படுவது அந்தப் பகுதி. இரத்தம் திரும்பி வரும்போது இன்னொரு அடி. காய்ந்து வெடித்த வாய்க்காலில் குளத்துத் துருசைத் திடீரெனத் திறந்தால் வரம்பு உடைக்குமே, அது மாதிரி. திரும்பி வருகிற ஒட்சிசனே தாக்குகிற பொருட்களைப் பெருக்கிவிடும்.

செலனியம் வருவது இங்கேதான். 1817இல் சுவீடனில் பெர்சீலியஸ் என்கிற இரசாயனவியலாளர் கண்டுபிடித்து, நிலவின் கிரேக்கப் பெயரை அதற்கு வைத்தார். அதன் பிறகு கன காலம் அது நஞ்சு என்றே அறியப்பட்டது. 1973இல்தான் குளுட்டத்தயோன் பேரொட்சிடேசு என்ற நொதியத்தின் உள்ளே செலனியம் இருப்பது தெரியவந்தது. ஐதரசன் பேரொட்சைட்டைத் தண்ணீராக மாற்றி அடக்குவது இந்த நொதியம். இதில் ஒரு வகை இரத்தத்தில் ஓடித் திரிகிறது. அதைப் பெரும்பாலும் உற்பத்தி செய்வது கிட்னியின் சிறுகுழாய்க் கலங்கள்தான். அதாவது, கிட்னி தனக்கான காவலாளியைத் தானே செய்கிறது. கிட்னி பழுதாகப் பழுதாக இரத்தத்தில் அந்த நொதியமும் குறைந்துகொண்டு போகும். கையில் செலனியம் இருந்தாலும் அதைக் காவலாளியாக மாற்றுகிற பட்டறை மூடிக்கொண்டு வருகிறது. இந்த இடத்தை வாசித்தபோதுதான் எனக்குப் போத்தலைப் பற்றி முதல் சந்தேகம் வந்தது.

நாகத்தின் கதையும் கிட்னியில்தான் தொடங்குகிறது. 1957இல் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதில் கட்மியம் ஒட்டிக்கொண்டிருந்தது. மெற்றலோதயனின் என்று பெயர் வைத்தார்கள். உடம்பில் நாகம் சேரும்போது இந்தப் புரதம் கூடுதலாக உருவாகும். உருவானது கட்மியம் போன்ற கெட்ட உலோகங்களைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கும். கட்மியம் கட்டவிழ்ந்தால் என்னவாகும் என்பதற்கு ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்கள் சாட்சி. சுரங்கக் கழிவு கலந்த ஆற்று நீர் வயலுக்குப் பாய்ந்து, சோற்றின் வழியே உடம்புக்குப் போய், கிட்னி கெட்டு, எலும்பு நொறுங்கி, "இத்தாய்-இத்தாய்" என்று கத்தினார்கள். "நோகுது, நோகுது" என்று அர்த்தம். அந்த நோயின் பெயரே அதுதான். 1968இல் ஜப்பான் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது.

வயல், தண்ணி, சோறு, கிட்னி. இந்த நான்கு சொல்லையும் சேர்த்து வாசிக்கும்போது இலங்கையில் இருக்கிற ஒருவருக்கு வேறு ஒரு வரைபடம் கண்ணுக்கு வரும்.

என் அறைத்தோழி பதவியாவைச் சேர்ந்தவள். சிங்களப் பிள்ளை. அவளுடைய அப்பா வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்கிறார். அவளுடைய ஊரில் "வக்குகடு" என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்களாம். அந்த ஊர்ப் பெண் என்றால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் யோசிப்பார்களாம். கானோடு ஆர்ஓ தண்ணிக்கு வரிசையில் நின்ற கதையை எத்தனையோ இரவு சொல்லியிருக்கிறாள். 1990கள் தொட்டு வடமத்திய மாகாணத்தில், சீனியோ பிறஷரோ இல்லாத விவசாயிகளுக்குக் கிட்னி செயலிழந்துகொண்டிருப்பதை வைத்தியர்கள் கவனித்து வந்தார்கள். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். வவுனியா, முல்லைத்தீவின் சில பகுதிகளும் அந்த வரைபடத்தில் இருக்கின்றன. மொழி மாறுகிற எல்லையில் நோய் நிற்கவில்லை.

சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து செய்த ஒரு பெரிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஆய்வு நடந்த அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டப் பகுதிகளில் 15 முதல் 70 வயதுக்குள் ஆண்களில் 12.9 வீதத்தினருக்கும் பெண்களில் 16.9 வீதத்தினருக்கும் இந்த நோய் இருந்தது. நோயாளிகளின் சிறுநீரில் மற்றவர்களை விடக் கட்மியம் கூட இருந்தது. அதோடு இன்னொன்று: சோதிக்கப்பட்ட நோயாளிகளில் 63 வீதமானோருக்கு இரத்தச் செலனியம் லீற்றருக்கு 90 மைக்ரோகிராமிலும் குறைவு. மேலே சொன்ன நொதியம் முழுத் திறனில் இயங்க ஏறக்குறைய அந்த அளவு வேண்டும் என்று கருதுகிறார்கள். காவல் குறைந்த கிட்னியில் நஞ்சின் வேலை சுலபம் என்பது அதன் பின்னால் இருக்கிற யோசனை.

இதை வாசித்ததும் ஒரு நிமிசம் போத்தல் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்றே சொல்லவேண்டும். செலனியம் குறைவு என்றால் செலனியம் குடுக்கலாம்தானே? ஆனால் அதே சனத்தின் மேல் வேறு கைகளும் இருக்கின்றன. கல்லுத் தண்ணி, அதிலுள்ள புளோரைட்டு, வயலுக்கு அடிக்கிற மருந்து, வெயிலில் தண்ணியில்லாமல் வேலை. எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் பேசியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் குற்றவாளி என்று முடித்துவைக்க முடியவில்லை. நோயாளியிடம் ஒன்று குறைவாக இருப்பதும், அதைக் குடுத்தால் நோய் மாறும் என்பதும் ஒரே வசனம் இல்லை. சமூகவியலில் எங்களுக்கு முதல் வருசத்திலேயே இதை அடித்துச் சொல்லித் தருவார்கள். இரண்டு விசயம் சேர்ந்து நிற்கிறது என்பதற்காக ஒன்று மற்றதைப் பெற்றது என்று எழுதக்கூடாது.

அடுத்தது ஓமோன். போத்தலில் இருந்தது மெலற்றோனின். 1958இல் ஆரோன் லேனர் என்கிற தோல் வைத்தியர் மாட்டின் மூளையிலுள்ள கூம்புச் சுரப்பியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்வது அதன் வேலை. பிறகு 1990களில், அது ஒட்சியேற்றத்தையும் அடக்கும் என்று கண்டார்கள். அதன் பின் எலிகளில் ஏராளமான ஆய்வுகள். எலியின் கிட்னிக்குப் போகும் இரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தித் திறந்து பார்த்தார்கள். கிட்னியைத் தாக்கும் மருந்துகளைக் குடுத்துப் பார்த்தார்கள். மெலற்றோனின் பெற்ற எலிகளில் காயம் குறைவு. போத்தல்காரர் காட்டுவது இந்த எலிகளைத்தான்.

எலியிலிருந்து மனிசருக்கு வரும்போது என்ன நடக்கிறது என்பதற்கு இன்னொரு ஓமோனின் கதை நல்ல பாடம். எரித்ரோபொயட்டின். இதைச் செய்வதும் பெரும்பாலும் கிட்னிதான். சிவப்பணு உண்டாக்கச் சொல்லி என்பு மச்சைக்குக் கட்டளை போடுவது அது. கிட்னி நோயாளிகள் வெளிறிப்போய், நாலு படி ஏறினாலே களைப்பது இது குறைவதால். 1970களில் ஜப்பானிய வைத்தியர் ஒருவர், ஒரு வகை இரத்தசோகை நோயாளிகளிடம் சேர்த்த 2,550 லீற்றர் சிறுநீரை வற்றவைத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அதிலிருந்து 1977இல் சிக்காகோவில் யூஜின் கோல்ட்வாசரின் குழு சில மில்லிகிராம் ஓமோனைப் பிரித்தெடுத்தது. 1989 முதல் அது மருந்தாக வந்தது. டயாலிசிஸ் நோயாளிகள் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் நிலை அதனால் மாறியது. என் தோழியின் அப்பாவுக்குப் போடுகிற ஊசியும் அதுதான்.

இந்த ஓமோன் எலிகளின் கிட்னியையும் நேரடியாகக் காப்பாற்றியது. சரி, மனிசரில் பார்ப்போம் என்று நியூசிலாந்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளில் பார்த்தார்கள். கிட்னியில் காயம் தொடங்கிவிட்டது என்று சிறுநீர் காட்டிய 162 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு ஓமோன், பாதிப் பேருக்கு வெறும் ஊசி. 2010இல் முடிவு வந்தது. வித்தியாசம் இல்லை. அதற்கு முதல் வருசம் வந்த இன்னொரு ஆய்வில், சீனியும் கிட்னி நோயும் உள்ள 4,038 பேரில், இதே வகை மருந்தைக் கூடுதலாகக் குடுத்து இரத்தத்தை ஏற்றப் பார்த்தபோது பக்கவாதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. நல்ல பொருள்தான். அளவும் ஆளும் நேரமும் மாறும்போது அதன் குணமும் மாறிவிடுகிறது.

எலியில் ஏன் வேலை செய்கிறது? ஊர் அண்ணா சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. "எலிக்கு எப்ப அடி விழும் எண்டு ஆய்வாளருக்குத் தெரியும். அடிக்கு முதலே மருந்தைக் குடுத்திடுவார். எலியும் இளம் எலி, வேற வருத்தம் இல்லை. பெரியப்பாவுக்கு அடி எப்ப விழுந்தது எண்டு ஆருக்குத் தெரியும்?"

அடி விழும் நேரம் தெரிந்தால் மனிசரிலும் கனிப்பொருள் உதவக்கூடும். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து சிறுகுழாய்க் கலத்துக்குள் புகுந்து கிட்னியைக் கெடுக்கும். மருந்து ஏற்றும் நாளும் மணியும் தெரியும். அதனால் சில இடங்களில் அதற்கு முதல் நாளத்தின் வழியாக மகனீசியம் ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் ஐந்து புற்றுநோய் நிலையங்களில் 13,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது. மகனீசியம் பெற்றவர்களில் கிட்னிக் காயம் குறைவாக இருந்தது. அதுவும் பதிவுகளைப் பார்த்துச் சொன்னதுதான், ஆனாலும் நம்பிக்கையான செய்தி. தெரிந்த நஞ்சு, தெரிந்த நேரம், வைத்தியசாலைக் கட்டில். காலையும் இரவும் வீட்டில் குளிசை விழுங்குவது அப்படியான ஒன்றில்லை.

பிறகு போத்தலின் கணக்கைப் போட்டேன். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளில் தேவையான செலனியம் ஏறக்குறைய 55 மைக்ரோகிராம். அமெரிக்காவில் மேல் எல்லை என்று வைத்திருப்பது 400. ஐரோப்பாவில் 2023இல் அதை 255 ஆகக் குறைத்துவிட்டார்கள். நாளுக்கு இரண்டு குளிசை என்றால் 400, சாப்பாட்டில் வருவதைச் சேர்க்காமலே. நாகத்தின் மேல் எல்லை 40 மில்லிகிராம், இரண்டு குளிசையில் 50. நாகம் நெடுக அளவுக்கு மிஞ்சினால் செம்பை உடம்பு உறிஞ்சுவது குறைந்துவிடும். செலனியம் மிஞ்சினால் தலைமயிர் கொட்டும், நகம் கழரும். 2008இல் அமெரிக்காவில் ஒரு சத்துப் பானத்தில் கலவை பிழைத்து, லேபிளில் போட்டதை விட 200 மடங்கு செலனியம் போய், ஏறக்குறைய 200 பேர் அப்படிப் பாதிக்கப்பட்டார்கள். இன்னொரு பக்கம், மிஞ்சின செலனியத்தை உடம்பு வெளியேற்றுகிற பிரதான வழி சிறுநீர். பழுதான கிட்னிக்கு அது மேலதிக வேலை.

மெலற்றோனினைக் காலையிலும் போடச் சொன்னது எந்த ஊர்க் கணக்கோ தெரியாது. பெரியப்பா நாலு நாள் போட்டுப் பார்த்தவராம். "விடிய வரம்பில குந்தினா நித்திரை தூங்குது" என்றார். பெரியம்மா சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த நாலு நாளும் அவர் லொசாட்டனை விட்டிருந்தார்.

அந்த லொசாட்டனைப் பற்றி வாசித்தபோதுதான் மூன்று கிழமைத் தேடல் ஒரு இடத்துக்கு வந்தது. அங்கியோதென்சின் என்று ஒரு ஓமோன். இரத்த அழுத்தம் குறைகிறது என்று உணர்ந்தால் கிட்னி ரெனின் என்ற ஒன்றைச் சுரக்கும். அது தொடக்கிவைக்கிற சங்கிலியின் முடிவில் வருவது இது. குழாய்களை இறுக்கி அழுத்தத்தைத் தூக்கும். இரத்தம் சிந்திய நேரத்தில் உயிரைக் காப்பாற்றும். ஆனால் வருசக்கணக்காக அது கூடி நின்றால் கிட்னியின் வடிகள் அளவுக்கு மிஞ்சின அழுத்தத்தில் வேலை செய்யும், புரதம் ஒழுகும், தழும்பு விழும். கலங்களுக்குள் ஒட்சியேற்றத்தைத் தூண்டுவதும் இதே ஓமோன்தான். லொசாட்டன் அதன் கையைப் பிடித்துக்கொள்கிறது.

இதே ஓமோனின் உற்பத்தியைத் தடுக்கிற கப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததில் கிடைத்த தடயத்திலிருந்து வந்த மருந்து. 1993இல் வந்த ஆய்வில், முதலாம் வகைச் சீனி நோயால் கிட்னி கெட்ட 409 பேரில், இறப்பு, டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் இவற்றின் ஆபத்தை அது பாதியாக்கியது. 1997இல் இத்தாலியில், சீனி இல்லாமல் சிறுநீரில் புரதம் போகிறவர்களில் இதே குடும்பத்து மருந்தான ரமிப்ரில் கிட்னி கெடும் வேகத்தைக் குறைத்தது. 2001இல் சீனியுள்ள 1,513 பேரில் லொசாட்டன், கிட்னி முற்றாகச் செயலிழப்பதை 28 வீதத்தால் குறைத்தது. எலியில் இல்லை, மனிசரில். வருசக்கணக்காகப் பார்த்தது.

அப்ப, ஓமோனை வைத்துக் கிட்னியைக் காப்பாற்றுகிற மருந்து பெரியப்பாவிடம் ஏற்கனவே இருந்தது. படம் போடாத சின்னக் கவரில், கிளினிக்கில் காசில்லாமல் குடுத்தது. அவர் விடப் பார்த்தது அதைத்தான்.

தேத்தண்ணிக் கடைக் கதைக்கும் ஒரு வேர் இருக்கு என்பதை மறைக்கக்கூடாது. லொசாட்டன் தொடங்கியதும் வடிகளின் அழுத்தம் இறங்குவதால் கிரியேட்டினின் முதலில் கொஞ்சம் ஏறலாம். பொட்டாசியமும் ஏறலாம். அதனால்தான் தொடங்கிச் சில கிழமையில் இரத்தம் சோதிக்கச் சொல்கிறார்கள். கடும் வயிற்றோட்டம், வாந்தி வந்தால் சிலருக்குத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வதும் உண்டு. இதைத் தமிழில், இரண்டு வசனத்தில், ஒருவர் பெரியப்பாவுக்குச் சொல்லியிருந்தால் கடைக் கதை இவ்வளவு வளர்ந்திருக்காது. கிளினிக் கொப்பியில் இருப்பதெல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்து. வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது கேள்வி கேட்க அவருக்கு வெட்கம். போத்தலில் குறைந்தது ஒரு படமாவது இருந்தது.

கிளினிக் நாளன்று நானும் கூடப் போனேன். போத்தலையும் கொண்டுபோய் மேசையில் வைத்தோம். டொக்டர் லேபிளை முழுக்க வாசித்தார். ஏசவில்லை. "இதை இப்ப போட வேண்டாம் ஐயா. மற்றதை விடவும் வேண்டாம்" என்றார். பிறகு அவர் கேட்ட கேள்வி நாங்கள் எதிர்பாராதது: "நாரி நோவுக்கு என்ன போடுறனீங்கள்?"

பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், வயல் வேலை கூடின நாட்களில் பார்மசியில் டைக்ளோபெனக் வாங்கிப் போடுவாராம். "அது சும்மா நோக் குளிசைதானே." கிட்னிக்குப் போகிற இரத்தக் குழாயைத் திறந்து வைத்திருக்க உடம்பு செய்கிற, ஓமோன் மாதிரியான பொருட்கள் சில உண்டு. டைக்ளோபெனக் அவற்றைக் குறைத்துவிடும். வெயிலில் தண்ணி வற்றின உடம்பு, லொசாட்டன், மேலே டைக்ளோபெனக். மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் கிட்னிக்குப் பெரிய அடி விழலாம். பாதுகாப்புக் குளிசையைப் பற்றி வீட்டில் எல்லாரும் கதைத்தோம். காயப்படுத்துகிற குளிசையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, ஏனென்றால் அது சும்மா குளிசை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியம்மா கேட்டா: "அப்ப கிட்னியைக் காப்பாத்த நாங்கள் செய்யக்கூடியது ஒண்டுமில்லையோ?" இருக்கு. டைக்ளோபெனக்கை விட்டு, நோவுக்கு என்ன போடலாம் என்று டொக்டரிடம் கேட்டு எழுதி வந்திருக்கிறோம். விடியவே வயலுக்குப் போய், வெயில் ஏற முதல் வந்துவிடுவது. கிணற்றுத் தண்ணியைக் குடிக்கிறதுக்கு விட்டு, நல்ல தண்ணி கானில் கொண்டுபோவது. கருவாடு, அப்பளம், ஊறுகாயில் உப்புக் குறைப்பது. செலனியமும் நாகமும் மீனிலும் முட்டையிலும் பருப்பிலும் கிடைக்கிற அளவு கிடைக்கட்டும். எவ்வளவு சாப்பிடலாம் என்று கிளினிக்கில் சொன்ன அளவு இருக்கு.

ஆனால் இந்தப் பட்டியலிலும் ஒரு கரைச்சல் இருப்பது எனக்குத் தெரியும். விடியப் போய் வெயிலுக்கு முதல் வரலாம் என்பது சொந்த வயல்காரருக்கு. கூலிக்குப் போகிறவருக்கு நேரத்தை முடிவு செய்வது வேறு ஆள். நல்ல தண்ணி என்பது பதவியாவில் வரிசையில் நிற்கிற விசயம். மண்ணில் என்ன கிடக்கு, கிணற்றில் என்ன கிடக்கு என்பதை ஒரு குடும்பம் தனியே நின்று திருத்த ஏலாது. ஒரு போத்தலை வாங்கினால் அந்தக் கேள்வியெல்லாம் முடிந்தது மாதிரி ஒரு ஆறுதல் வரும். அது விற்கிறதும் அந்த ஆறுதலைத்தான் என்று நினைக்கிறேன்.

கிட்னி நோய் கன காலம் நோகாது. கால் வீங்கி, களைத்து, பசி போய்த் தெரியவரும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். அதற்கு முதல் கண்டுபிடிக்க ஒரு இரத்தச் சோதனையும் ஒரு சிறுநீர்ச் சோதனையும் பிறஷர் பார்ப்பதும் போதும். இதை வாசிக்கிற உங்களில் கனபேருக்கு என்னைப் போலவே விஞ்ஞானம் சி ஆக இருக்கலாம், ஆனால் வீட்டில் மருந்துப் பெட்டி வாசிக்கிற ஆள் நீங்கள்தான். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்ப சோதிச்சது? நோவுக்கு என்ன போடுறது? கிளினிக் குளிசையை இடையில விட்டதோ? மூன்றாவதைக் கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள், ஏசுற மாதிரி இல்லாமல். அப்பதான் உண்மையைச் சொல்லுவினம்.